தரைப்பணியிலிருந்து விமானி ஆசனத்திற்கு

ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ், சவுத்தோல் பகுதிகளில் வாழும் எம்மவர் குடும்பங்களுக்கு ஹீத்ரோ விமான நிலையம் அந்நியமான இடமன்று. பயணப் பொதிகளை ஏற்றி இறக்குவோர், விமானங்களின் உட்புறத்தைத் துப்புரவு செய்வோர், உணவுத் தட்டுகளை அடுக்குவோர், பயணிகள் பதிவுக் கருமபீடத்தில் நிற்போர் எனப் பலரும் அங்கே உழைத்து வந்திருக்கின்றனர். இவர்களுடைய பிள்ளைகளுள் சிலர் இப்போது ஒரு கேள்வியை எழுப்புகின்றனர். விமான நிறுவனம் ஒன்றில் தரைப்பணியிற் சேர்ந்து, அங்கிருந்து படிப்படியாக விமானியாக முடியாதா என்பதே அக்கேள்வி. பெற்றோர் சிலர் இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலரோ வீட்டை ஈடுவைத்தாவது பயிற்சிக்குப் பணம் கட்ட ஆயத்தமாகின்றனர். இரண்டுமே அவசர முடிவுகள் என்பது என் கருத்து.

இந்த நகரிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. ஹல் நகரில் 1903இல் பிறந்த ஏமி ஜோன்சன் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தின் கலைப் பட்டதாரி. (கலைப் பட்டம் சோறு போடாது என்று கூறுவோர் இதனைக் கவனிப்பார்களாக.) லண்டனில் சட்டத்தரணிகள் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்தார். எட்ஜ்வெயருக்கு அருகிலிருந்த ஸ்டாக் லேன் விமானத் திடலில் பறக்கக் கற்றார். அதனுடன் நிற்காமல் அங்கிருந்த கொட்டகையில், எண்ணெய்க் கறை படிந்த உடையுடன், இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் வேலையையும் பழகினார். 1929இல் விமானி அனுமதிப்பத்திரமும், அதே ஆண்டில் தரைப் பொறியியலாளர் அனுமதிப்பத்திரமும் அவர் கைக்கு வந்தன. பின்னதைப் பெற்ற முதல் பிரித்தானியப் பெண் அவரே. 1930 மே 5ஆம் திகதி குரொய்டனிலிருந்து தனியே புறப்பட்டு, மே 24ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் டார்வினை அடைந்தார். வழியில் விமானம் பழுதுற்றபோதெல்லாம் கொட்டகையிற் கற்ற கைவேலையே அவரைக் காத்தது. ‘ஜேசன்’ எனப் பெயர் சூட்டப்பட்ட அச்சிறு விமானம் சவுத் கென்சிங்ரன் விஞ்ஞான அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். ஸ்டாக் லேனில் இன்று ஓடுபாதை இல்லை, வீடுகள் எழுந்துவிட்டன.

இன்னும் நெருக்கமான உதாரணம் இவொன் சின்ரெஸ். தென்னாபிரிக்காவிற் பிறந்த இவர், பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் விமானப் பணிப்பெண்ணாக இருந்துகொண்டே, ஊழியர்களுக்கென இயங்கிய பறத்தற் கழகத்திற் பயின்றார். பயிற்றுநரானார். கணவனை இழந்து பிள்ளைகளைத் தனியே வளர்க்க நேர்ந்தது. கட்விக் விமான நிலையத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகத் தரையிலிருந்து பணிபுரிந்தார். 1965இல் மோர்ட்டன் எயார் சேர்விசஸ் என்ற சிறு நிறுவனம் அவரை விமானியாக ஏற்றுக்கொண்டது. பின்னர் டான்-எயார் நிறுவனத்திற் சேர்ந்து, 1970களில் ஜெட் விமானத்துக்குத் தலைமை விமானியான முதல் பிரித்தானியப் பெண் ஆனார். பணிப்பெண் வேலையும் கட்டுப்பாட்டுக் கோபுர வேலையும் அவருக்குச் சோறு போட்டன. பறத்தலுக்கான மணித்தியாலங்களை அவர் தனியே தேடிக்கொண்டார்.

நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி இதுவே. பொதி ஏற்றுபவரைப் பதவி உயர்த்தி விமானியாக்கும் வழக்கம் இந்நாட்டில் எந்த நிறுவனத்திலும் இல்லை. விமானி ஆசனத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. அது விண்ணப்பதாரரின் முன்னைய உத்தியோகத்தைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் நிலைமை சற்று வேறு. அங்கே டெல்டா போன்ற பெரு நிறுவனங்கள் தம் சொந்த ஊழியர்கள் விமானிகளாவதற்கென்று தனிப் பாதை வகுத்துள்ளன. இங்கே ஜெட்2 நிறுவனம், பயிற்சியை முடித்தும் அனுபவமில்லாத இளம் விமானிகளைப் பயிலுநராக எடுத்து, முதலில் தரை அலுவலகப் பணியில் அமர்த்திப் பின் பறக்கவிடும் முறையொன்றைக் கையாண்டு வந்துள்ளது. அதற்கும் அனுமதிப்பத்திரத்தை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்.

அனுமதிப்பத்திரத்துக்கு இரு வழிகள் உள. ஒன்று, முழுநேரப் பயிற்சிப் பாடசாலை ஒன்றில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கற்பது. இதற்கு ஒரு இலட்சம் பவுண் அளவில் செல்லும். பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைக்கும் அரசாங்கக் கடன் இதற்குக் கிடைப்பதில்லை. 2023இல் பிரிட்டிஷ் எயார்வேஸ் நிறுவனம் இச்செலவைத் தானே ஏற்கும் ‘ஸ்பீட்பேர்ட்’ திட்டத்தை அறிவித்தது. சில பத்து இடங்களுக்குப் பல்லாயிரம் பேர் விண்ணப்பித்தனர். விண்ணப்பிக்கத்தான் வேண்டும், ஆனால் அதனை மட்டும் நம்பியிருப்பது அதிர்ஷ்டலாபச் சீட்டை நம்பியிருப்பதற்கு ஒப்பானது.

மற்றையது, உழைத்துக்கொண்டே பகுதி பகுதியாகக் கற்பது. தரைப்பணி பயன்படுவது இவ்வழியிலேதான். முதலில் தனியார் விமானி அனுமதிப்பத்திரம். இதற்கு ஆகக்குறைந்தது 45 மணித்தியாலப் பறத்தல் வேண்டும். பதினாறு வயதில் தனியே பறக்கலாம். பத்திரம் பதினேழு வயதிற்றான் கிடைக்கும். சிறிய விமானத்தில் ஒரு மணித்தியாலப் பயிற்சிக்கு இருநூறு பவுணும் அதற்கு மேலும் கேட்கின்றனர். அடுத்து 13 பாடங்களில் எழுத்துப் பரீட்சை. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 75 புள்ளிகள் தேவை. முதற் பரீட்சை எழுதிய மாதத்திலிருந்து 18 மாதங்களுக்குள் அனைத்தையும் முடித்தாக வேண்டும். மூன்றாவதாக, மணித்தியாலங்களைச் சேர்ப்பது. வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு இவ்வழியில் மொத்தம் 200 மணித்தியாலங்கள் வேண்டும். இறுதியாகப் பல இயந்திர விமானங்களையும், வெளியே எதுவும் தெரியாத வானில் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதையும் கற்க வேண்டும். இவற்றை மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் மொத்தச் செலவு முழுநேரப் பாடசாலையை விடக் கணிசமாகக் குறையும். இடையில் மனம் மாறினாலும் வீடு பறிபோகாது.

எந்தப் பாடசாலைக்கும் முழுப் பணத்தையும் முன்கூட்டிச் செலுத்தக்கூடாது என்று இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. டண்டி நகரில் நெடுங்காலம் இயங்கிய டேசைட் ஏவியேஷன் என்ற பயிற்சி நிறுவனம் 2023 ஏப்ரலில் மூடப்பட்டபோது, முற்பணம் கட்டிய மாணவர்கள் நிர்க்கதிக்கு உள்ளாகினர். பறந்த மணிக்குப் பணம் என்பதே பாதுகாப்பான ஒழுங்கு.

தரைப்பணிகள் யாவும் ஒரே பயனைத் தருவனவல்ல. சம்பளம் எதிலும் வரும். கல்வி சிலவற்றிலேதான் வரும். விமானம் புறப்படுமுன் பயணிகள், பொதிகள், எரிபொருள் ஆகியவற்றின் நிறையைக் கணித்து, அது விமானத்தின் எப்பகுதியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைச் சரிபார்க்கும் பணியாளரைக் கவனியுங்கள். அவர் அன்றாடம் செய்யும் கணக்கு, மேற்சொன்ன 13 பாடங்களில் ஒன்று. விமானிகளின் பணி அட்டவணையைத் தயாரிக்கும் பிரிவில் இருப்பவருக்கு, ஒரு விமானி ஓராண்டில் 900 மணித்தியாலங்களுக்கு மேல் பறக்கலாகாது என்பது போன்ற விதிகள் மனப்பாடமாகிவிடும். ஆகவே கிடைத்த வேலையிற் சேர்ந்தபின், இத்தகைய பிரிவுகளுக்கு மாற முயல்வது புத்திசாலித்தனம். இன்னொன்று: விமான நிலையத்திற் செய்யும் வேலை எல்லாம் விமான நிறுவனத்தின் வேலையாகிவிடாது. சுவிஸ்போர்ட், மென்சீஸ், டினாட்டா போன்ற ஒப்பந்த நிறுவனங்களே பெரும்பகுதியைச் செய்கின்றன. விமான நிறுவனம் தன் ஊழியருக்கு மட்டும் அறிவிக்கும் வெற்றிடங்களும் பயணச் சலுகைகளும் அங்கே கிட்டாது போகலாம். நியமனக் கடிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்துக் கையொப்பம் இடுக.

தாய்மாரின் எதிர்ப்பு வேறு வகையானது. சகடை, சீ பிளேன், கிபிர் என்று ஒவ்வொன்றின் ஓசையையும் காதாலேயே பிரித்தறிந்து பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை நாம். விமானம் என்ற சொல்லே சிலருக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். ஆனால் 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போயிற்று என்பதையும் நாம் மறக்கலாகாது. அதே பலாலியிலிருந்து 2019இல் சென்னைக்கு மீண்டும் பயணிகள் விமானம் பறந்தது. சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம், கணவர் சுந்தரத்துடன் 1951இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணித்தியாலங்களில் விமானம் ஓட்டிச் சென்று சாதனை படைத்தார். பெண்பிள்ளைகள் கேட்டால் மறுக்க நியாயம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

பணம் செலவிடுமுன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, வர்த்தக விமானிக்குரிய முதலாந்தர வைத்தியப் பரிசோதனை. மூக்குக்கண்ணாடி அணிவது பெரும்பாலும் தடையன்று. நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலிற் குறை இருப்பின் பாதை அங்கேயே அடைபடலாம். இதனை 15,000 பவுண் செலவழித்த பின் அறிவதிலும் முதல் வாரத்தில் அறிவது மேல்.

இரண்டாவது எமக்கே உரிய சிக்கல். அகதிக் கோரிக்கை விசாரணையில் இருக்கும்போது பொதுவாக வேலை செய்ய அனுமதியில்லை; அந்தஸ்துக் கிடைத்தபின் தடையில்லை. ஆயினும் ஓடுபாதைப் பகுதிக்குள் செல்லும் அடையாள அட்டைக்குக் குற்றப்பதிவுச் சோதனையோடு, கடந்த ஐந்து ஆண்டுகளின் வேலை, கல்வி விபரங்களும் இடைவெளியின்றிக் கேட்கப்படும். விமானியாகும்போது நிறுவனம் பறக்கும் எந்த நாட்டுக்கும் தடையின்றிச் செல்லக்கூடிய கடவுச்சீட்டு வேண்டும். அகதிகளுக்கான பயணப் பத்திரம் அதற்குப் போதாது என்பதால், குடியுரிமை விண்ணப்பத்தைத் தாமதிக்கலாகாது. தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும், பிறந்த திகதி பாடசாலையில் ஒன்றும் உள்நாட்டு அமைச்சில் வேறொன்றுமாக இருக்கும் வீடுகள் நம்மிடையே அநேகம். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே சட்ட ஆலோசகர் ஒருவர் மூலம் இவற்றைத் திருத்திக்கொண்டால், பதினேழாம் வயதில் ஆறு மாதம் காத்திருக்க நேராது.