கணினிக்கும் ஒரு சாரதி

மாரி காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. விளக்கேற்றி முடிந்த வேளையில், எங்கள் ஒழுங்கையின் முடக்கிலே வாழும் அம்மையார் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தையல் வேலை செய்து இரு பிள்ளைகளைப் படிப்பிப்பவர் அவர். மூத்த மகள் ஒரு காலத்தில் என்னிடம் கணிதம் கற்றவள். இப்பொழுது தொழில்நுட்பக் கல்லூரியிற் கட்டட வரைபடக் கலை பயில்கின்றாள்.

“மாஸ்ரர், பிள்ளையின்ரை கொம்பியூட்டர் இருண்டு போச்சு. கடைக்காரரிட்டை ரெலிபோனிலை கேட்டம். கார்ட் எரிஞ்சு போச்சுது, புதிசு போடவேணும் எண்டு சொல்லுறார்” என்றார்.

புதிய கார்ட்டின் விலை அவருடைய மூன்று மாதத் தையற் கூலி. கழுத்துச் சங்கிலியை அடைவு வைக்கத் துணிந்துவிட்டார் என்பது பேச்சிற் புலனாயிற்று. திங்கட்கிழமை காலை வரைபடங்களைக் கல்லூரியில் ஒப்படைத்தாக வேண்டும். அவ்வரைபடங்கள் அனைத்தும் அந்த இருண்ட பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

யான் கணினி வைத்தியன் அல்லன். ஆயினும் என் வீட்டுக் கணினியோடு பல இரவுகள் மல்லாடிய அனுபவம் உண்டு. ஆதலின் புறப்பட்டேன்.

வாசகர்கள் இவ்விடத்தில் ஒன்றை விளங்கிக்கொள்ளல் வேண்டும். டிரைவர் என்றதும் நம் நாட்டவர்க்குப் பஸ் சாரதியே நினைவுக்கு வருவார். கணினியிலே டிரைவர் என்பது ஒரு சிறு மென்பொருள். திரையிற் படத்தைத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்ட் என்னும் வன்பொருள். அதனை வேலை வாங்க விரும்புவது விண்டோஸ். ஆனால், ஒவ்வொரு கார்ட்டுக்கும் உள்ளமைப்பு வெவ்வேறு. விண்டோஸ் இடும் பொதுவான கட்டளையை அந்தந்தக் கார்ட்டுக்கு உரிய கட்டளையாக மாற்றிக் கொடுப்பதே இச்சாரதியின் தொழில். சாரதி தவறின் வண்டி நிற்கும். அதனைக் கண்டு எஞ்சின் உடைந்தது என்று தீர்ப்புக் கூறுவோர் பலர்.

அங்கே சென்றதும் நான் செய்த முதல் வேலை, ஒன்றும் செய்யாது பார்த்துக்கொண்டிருந்ததே. கணினியை இயக்கச் சொன்னேன். முதலிலே தாய்ப்பலகையைச் செய்த நிறுவனத்தின் சின்னம் தெளிவாகத் தோன்றியது. பின்னர் விண்டோஸின் சுழலும் புள்ளிகள். அவற்றிலும் ஒரு கோடோ கறையோ இல்லை. கடவுச்சொல் கேட்கவேண்டிய கட்டத்திலேதான் திரை இருண்டது.

இதிலே பெரியதொரு சான்று அடங்கியிருந்தது. சின்னம் தோன்றும் வேளையில் விண்டோஸே இன்னும் விழிக்கவில்லை. ஆகவே அதன் சாரதியும் ஆசனத்தில் ஏறவில்லை. கார்ட் தன் உடன்பிறந்த சிறு நிரலைக் கொண்டே அச்சின்னத்தைக் காட்டுகின்றது. அப்பொழுதே கோடுகள் ஓடினால், அல்லது எதுவுமே தோன்றாவிடின், சாரதியைக் குறை கூறுவதிற் பயனில்லை. திரையையோ, கேபிளையோ, கார்ட்டையோ சந்தேகிக்க வேண்டும். சின்னம் தெளிவாகத் தோன்றிப் பின்னர் இருள் சூழின், சந்தேகம் பெரும்பாலும் சாரதியையே சேரும். கடைக்காரர் இவ்வொரு கேள்வியைத் தொலைபேசியிற் கேட்டிருப்பாராயின் அம்மையாரின் கை சங்கிலிக்குச் சென்றிராது.

கேபிள் என்றதும் என் சொந்த அவமானம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. தீபாவளிக்கு முன் வீடு துப்புரவாக்கிய நாளில், திரையின் கேபிளைக் கழற்றி மீண்டும் பொருத்தினேன். படம் இல்லை. இரு நாட்கள் விண்டோஸையும் சாரதியையும் வைதேன். மூன்றாம் நாள் என் மகன் குனிந்து பார்த்து, “அப்பா, இது கார்ட்டிலை இல்லை, தாய்ப்பலகையிலை எல்லோ குத்தியிருக்கு” என்றான். தனிக் கார்ட் உள்ள கணினியிற் கேபிள் அக்கார்ட்டிலேயே பொருந்தவேண்டும். படித்தவர்களும் இதிற் சறுக்குவதுண்டு.

நிற்க. திரை இருண்டபின் உள்ளே புகுவது எங்ஙனம்? புள்ளிகள் சுழலும்போது மின்பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தினேன். இவ்வாறு இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைப்பட்டால், விண்டோஸ் தானாகவே பழுது பார்க்கும் பகுதியைத் திறக்கும். இது முரட்டு வழி. வேறு வழியற்ற வேளைக்கு மட்டுமே உரியது. திரை தெரியுமாயின், ஷிப்ட் விசையை அழுத்தியவாறு ரீஸ்டார்ட் என்பதைத் தெரிந்தாற் போதும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று படிப்படியாகச் சென்று, மீண்டும் இயங்கும்போது 4 ஆம் இலக்கத்தை அழுத்தினால் சேஃப் மோட் வரும். அதிலே நிறுவனத்தாரின் சாரதி இறக்கப்பட்டு, விண்டோஸின் சொந்தச் சாரதி அமர்கின்றார். எழுத்துகள் பருத்தும் அவலட்சணமாகவும் தெரியும், ஆயினும் தெரியும்.

தெரிந்தது. வரைபடங்கள் இருந்த கோப்புறையும் அப்படியே இருந்தது. அப்பிள்ளை விட்ட பெருமூச்சு அறை முழுதும் கேட்டது. வரைபடங்கள் வன்தட்டில் இருப்பவை. சாரதியின் குழப்பம் அவற்றைத் தீண்டுவதில்லை. அவசரப்பட்டுப் “போர்மட்” செய்பவரே அவற்றுக்கு எமன்.

இவ்வேளையிலே பத்தாம் வகுப்பு மாணவனான தம்பி மெல்ல வாய் திறந்தான். விளையாட்டொன்று வேகமாக ஓடவேண்டுமென்று, “எல்லாச் சாரதிகளையும் ஒரே சொடுக்கிற் புதுப்பிப்போம்” என விளம்பரம் செய்த இலவச நிரலொன்றை முதல்நாள் இரவு நிறுவினானாம். அவர்களுடையது ஜீஃபோர்ஸ் ஜிடி 710, பழைய வர்க்கம். என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 600, 700 வரிசைகளுட் பெரும்பாலானவற்றுக்கு வழக்கமான புதிய சாரதிகளை வெளியிடுவதை 2021 இல் நிறுத்திவிட்டது. அவற்றுக்குரியவை 470 என்னும் வரிசைச் சாரதிகளே. அவ்விலவச நிரலோ பொருந்தாத ஒன்றைக் கொணர்ந்து ஏற்றிவிட்டது. புதியது யாவும் சிறந்தது என்னும் மயக்கம் கணினி உலகிலும் உண்டு.

டிவைஸ் மனேஜர் என்னும் பகுதியில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ்க் கார்ட்டின் பெயர் இருக்கும். அதன் டிரைவர் பக்கத்திலே ரோல் பக் டிரைவர் என்ற பொத்தான் உயிரோடிருந்தால், முந்தைய சாரதியை மீளழைக்க அதுவே இலகுவழி. அன்று அது மங்கிக் கிடந்தது. பழையதன் பிரதி சேமிப்பில் இல்லை என்பது பொருள். ஆகவே அன்இன்ஸ்டால் டிவைஸ் என்பதைத் தெரிந்து, சாரதி மென்பொருளையும் அழிக்குமாறு கேட்கும் சிறு கட்டத்திற் குறியிட்டு நீக்கினேன். இலவச நிரலையும் தம்பியின் கையாலேயே நீக்குவித்தேன். இணையத் தொடர்பைத் துண்டித்தேன். அன்றேல் விண்டோஸ் தன் விருப்பப்படி வேறொரு சாரதியை இடையிலே கொணரக்கூடும். என் வீட்டுக்கு ஓடி, என்விடியாவின் சொந்தத் தளத்திலிருந்து அக்கார்ட்டுக்குரிய 470 வரிசைச் சாரதியைப் பென் டிரைவிற் பதிந்து வந்தேன். ஏஎம்டி, இன்டெல் கார்ட் உடையோரும் அவ்வந் நிறுவனத் தளத்தையே நாடுதல் நன்று.

இவ்வளவும் செய்தும் தீராவிடின்? பெட்டியைத் திறந்து தூசி தட்டி, காற்றாடி தடையின்றிச் சுழலக்கூடியதா, கார்ட் பள்ளத்தில் இறுகி அமர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். மின்னிணைப்பை முற்றாகக் கழற்றிய பின்னரே. வேலையின் நடுவே திரை மாத்திரம் உறைந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்திப் பார்க்கலாம். சாரதி மட்டும் மீண்டும் தொடங்குவார்.

இரவு பதினொரு மணியளவில் நிறுவல் முடிந்தது. திரை ஒருமுறை கறுத்தது. தாயார் “முருகா” என்றார். அடுத்த கணம் கூரிய எழுத்துகளோடு அது மலர்ந்தது. அப்பிள்ளை முதலிற் செய்தது, வரைபடங்கள் யாவற்றையும் என் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்ததே. அதன் பின்னரே, ஆறிப்போயிருந்த தேநீரை எடுத்தாள்.