மாதவி லதா (நீச்சல் வீராங்கனை)

மாதவி லதா பிரதிகுடுப்பு (பிறப்பு: 1970) சென்னையில் வாழ்ந்து பயிற்சி பெற்ற மாற்றுத்திறனாளி நீச்சல் வீராங்கனையும் விளையாட்டு அமைப்பாளரும் ஆவார். நாற்பது வயதை நெருங்கிய காலத்தில் சிகிச்சைக்காக நீரில் இறங்கிய இவர், பின்னர் தேசிய அளவில் பதக்கம் வென்றார். உடற்குறையுள்ள சிறுவர்களையும் இளைஞர்களையும் விளையாட்டுக்குக் கொண்டுவரும் பணியால் பரவலாக அறியப்படுகிறார்.

இளமையும் உடல்நலமும்

இவர் இன்றைய தெலங்கானா மாநிலத்தின் கம்மம் மாவட்டத்திலுள்ள சத்துப்பள்ளியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டார். பின்னர் சென்னையில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியில் பணியாற்றினார்.

இளம்பிள்ளை வாதம் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைத் தாக்குகிறது. தொடு உணர்ச்சி பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. உடலின் இரு பக்கத் தசைகளும் சமமாக வலுவிழக்காதபோது, நாளடைவில் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளையக்கூடும். மாதவி லதாவுக்கும் இவ்வாறே நேர்ந்தது. வளைந்த முதுகெலும்பு நுரையீரலை அழுத்துவதாகவும், அது உயிருக்கு ஆபத்தாகலாம் எனவும் மருத்துவர்கள் எச்சரித்தனர். அந்நிலையில் நீர்வழிச் சிகிச்சையை மேற்கொண்டார்.

நீர் உடலை மேல்நோக்கித் தாங்குகிறது. மார்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் சுமக்கும் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆதலால் தரையில் நிற்க இயலாதவர்களும் நீரில் துணையின்றி அசைய முடிகிறது. மார்பின்மீது நீர் செலுத்தும் அழுத்தத்தை எதிர்த்து மூச்சிழுப்பது சுவாசத் தசைகளுக்கும் பயிற்சியாகிறது. சக்கர நாற்காலியில் இருந்த மாதவி லதாவுக்கு நீர் இத்தகைய விடுதலையைத் தந்தது.

நீச்சல் போட்டிகள்

2010ஆம் ஆண்டு நிறுவன ஊழியர்களுக்காகச் சென்னையில் நடைபெற்ற போட்டியில், உடற்குறையற்றோருடன் இவரும் நீந்தினார். 2011இல் தேசிய மாற்றுத்திறனாளர் நீச்சல் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார்.

இத்தகைய போட்டிகளில் வீரர்கள் உடல் இயக்கத்தின் அளவைப் பொறுத்து வகைப்படுத்தப்படுகின்றனர். கட்டற்ற பாணி, மல்லாந்த நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் ஆகியவற்றில் உடற்குறையுள்ளோருக்கு எஸ்1 முதல் எஸ்10 வரை பத்து வகைகள் உள்ளன. எண் குறையக் குறைய இயக்கக் குறைபாடு மிகுதி என்பது பொருள். செயற்கைக் கை, கால்களை அணிந்து நீந்த அனுமதியில்லை. மேடையிலிருந்து குதிக்க இயலாதவர் நீரிலிருந்தே தொடங்கலாம்.

சிகிச்சையிலிருந்து போட்டிக்குச் சென்றவர்கள் இந்தியாவில் முன்னரும் இருந்தனர். 1965ஆம் ஆண்டுப் போரில் முதுகெலும்பில் காயமடைந்த படைவீரர் முரளிகாந்த் பேட்கர், சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சலில் தேர்ந்து, 1972இல் ஐடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் கட்டற்ற நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அதுவே.

வழிகாட்டல் பணி

தாம் பெற்ற பயன் பிறருக்கும் கிட்ட வேண்டும் என்னும் நோக்குடன் 'நம்மாலும் முடியும்' என்னும் பொருள்படும் பெயரில் மாதவி லதா ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளர் நீச்சல் சங்கத்தை உருவாக்குவதிலும் முதன்மைப் பங்காற்றினார். பிள்ளையை நீரில் இறக்கப் பெற்றோர் அஞ்சுவதும், குளத்திற்குச் சாய்தளப் பாதை இல்லாமையும் இத்தகைய பணியில் எதிர்ப்படும் முதன்மைத் தடைகளாகும். நடுவயதில் நீந்தக் கற்ற ஒருவரே நேரில் வந்து பேசுவது இந்த அச்சத்தைக் குறைக்க உதவுகிறது.

2014இல் உருவான இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் நிறுவனத் தலைவரும் இவரே. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு இவ்விளையாட்டின் பயிற்சிக்கு உதவியது. இந்திய ஆடவர், மகளிர் அணிகள் பின்னர் பன்னாட்டுப் போட்டிகளிலும் பங்கேற்றன.

1960ஆம் ஆண்டின் உரோம் பாராலிம்பிக்கிலேயே இடம்பெற்ற இவ்விளையாட்டில் வளையத்தின் உயரம் வழக்கமான 3.05 மீட்டரே. ஒவ்வொருவருக்கும் இயக்கத் திறனுக்கேற்ப 1.0 முதல் 4.5 வரை புள்ளி வழங்கப்படுகிறது. களத்திலுள்ள ஐவரின் கூட்டுப் புள்ளி 14ஐத் தாண்டக் கூடாது. ஆகவே கடுமையான குறைபாடு உள்ளவரும் அணிக்கு இன்றியமையாதவர் ஆகிறார். மாதவி லதாவின் பணி வலியுறுத்துவதும் இதையே.