வெளிநாட்டு இணையக் கடைகளில் இறுவட்டு வாங்குதல்: மலிவு எங்கிருந்து வருகிறது?

வெளிநாட்டு இணையக் கடைகளில் இறுவட்டுக்களை மலிவாக வாங்கலாம் என்று பலரும் சொல்கின்றனர். அது உண்மைதான். ஆனால், அந்த மலிவு எங்கிருந்து வருகின்றது என்று கேட்பவர்கள் குறைவு. வியாபாரிகளாகிய நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. தயாரிப்பாளர் விலையைக் குறைத்ததால் வந்த மலிவு வேறு. ஓர் அரசாங்கம் வரியை விட்டுக்கொடுத்ததால் வந்த மலிவு வேறு. நாணயத்தின் பெறுமதி சரிந்ததால் வந்த மலிவு இன்னொன்று. கணினித் திரையில் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இந்தக் காலத்தில் இறுவட்டை யார் வாங்குகிறார்கள் என்று சில வாசகர்கள் சிரிக்கக்கூடும். தபால் மூலம் டிவிடி வாடகைக்குக் கொடுத்து வளர்ந்த நெட்பிளிக்ஸ் நிறுவனமே 2023 செப்டெம்பரில் அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகள் 2024 இல் திரைப்பட இறுவட்டு விற்பனையைக் கைவிட்டன. இருப்பினும், பழைய படங்களையும் இசையையும் தேடிச் சேகரிப்போர் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். உள்ளூர்க் கடைகள் மூடப்பட மூடப்பட, இவர்கள் வெளிநாட்டையே நம்பியிருக்க வேண்டியதாகிவிட்டது. இத்தகையவர்களுக்கு இறுவட்டுக்களை வரவழைத்துக் கொடுக்கும் சிறு தொழிலொன்றில் தனது சேமிப்பைப் போட எண்ணியிருக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஆலோசனை கேட்டார். அவருக்குச் சொன்னவற்றையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன்.

அவருக்கு நான் முதலில் சொன்னது செனல் தீவுகளின் கதை. பிரான்ஸ் கரைக்கு அருகிலிருக்கும் ஜேர்சி, கேர்ன்ஸி ஆகிய சிறு தீவுகள் பிரித்தானிய முடிக்கு உட்பட்டவை. ஆனால், பிரித்தானியாவின் பெறுமதிசேர் வரி அங்கு செல்லாது. குறைந்த பெறுமதியுள்ள பொதிகளை வரியின்றி உள்ளே விடுவதற்கு ஐரோப்பிய சமூகத்தின் 1983 ஆம் ஆண்டு விதியொன்று இடமளித்தது. சில்லறைப் பொதிகளுக்கு வரி அறவிட முனைந்தால் வரியைவிட அறவிடும் செலவு அதிகமாகிவிடும் என்பதே அதற்கான நியாயம். பிரித்தானியா இந்த எல்லையை 18 பவுண் என்று வைத்திருந்தது.

இறுவட்டு ஒன்றின் விலை பெரும்பாலும் 18 பவுணுக்குக் கீழேதான் இருக்கும். அத்தோடு, தபாலில் அனுப்ப இதைவிட இலகுவான பொருள் கிடையாது. கெடாது, நசுங்காது, எடையும் இல்லை. இதைக் கண்டுகொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? 1998 இல் ஜேர்சியில் தொடங்கப்பட்ட பிளே.கொம் பிரித்தானியாவின் பெரிய இணையக் கடைகளில் ஒன்றாக வளர்ந்தது. எச்.எம்.வி. போன்ற பழம்பெரும் கடைகளும் தமது இணைய விற்பனையை அத்தீவுகளின் ஊடாக அனுப்பத் தொடங்கின.

கணக்கை ஓர் உதாரணத்தால் பாருங்கள். வரி நீங்கலாக 10 பவுண் பெறுமதியான இறுவட்டு, 17.5 வீத வரியுடன் லண்டன் கடையில் 11.75 பவுணாகிவிடும். ஜேர்சிக்காரர் அதையே 10.99 பவுணுக்குக் கொடுக்கலாம். வாங்குபவருக்கு 76 பென்ஸ் மிச்சம். விற்பவருக்கோ லண்டன் கடைக்காரரைவிட 99 பென்ஸ் கூடுதலாகக் கையில் நிற்கும். அதில் தபாற் செலவைக் கழித்த பின்பும் அவர் சிரித்துக்கொண்டே இருக்கலாம். எல்லை 18 பவுண் ஒரு பொதிக்கு என்பதால், மூன்று இறுவட்டுக்களைக் கேட்டவருக்கு அவை மூன்று தனித்தனி உறைகளில் வந்து சேர்வதும் சர்வசாதாரணமாக இருந்தது. பிரித்தானியாவிலிருந்து பொருட்களைத் தீவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடியும் பிரித்தானிய வீடுகளுக்கே தபாலில் அனுப்பிய கம்பனிகளும் உண்டு. மாவனல்லையில் இருக்கும் மூட்டையைக் கடல் கடத்தி மறுபடியும் மாவனல்லைக்கே கொண்டுவந்து விற்பது போன்ற வேலை இது. ஆனாலும், சட்டப்படி அதில் பிழை காண முடியவில்லை.

நட்டப்பட்டவர்கள் ஊர்த் தெருக்களில் கடை வைத்திருந்த சிறு வியாபாரிகள். வாடகை, சம்பளம், வரி அனைத்தையும் கட்டிக்கொண்டு அவர்கள் 10.99 பவுணோடு போட்டியிட வேண்டியிருந்தது. அவர்களிற் சிலர் ஒன்றுசேர்ந்து ஐரோப்பிய ஆணைக்குழு வரை முறையிட்டனர். ஆண்டொன்றுக்கு 10 கோடி பவுணுக்கு மேல் வரி இழப்பதை உணர்ந்த பிரித்தானிய அரசாங்கம் 2011 நவம்பரில் எல்லையை 15 பவுணாகக் குறைத்தது. 2012 ஏப்ரல் 1 ஆம் திகதி முதல் செனல் தீவுகளிலிருந்து இவ்வாறு தபாலில் வரும் பொருட்களுக்குச் சலுகையே இல்லை என்றாக்கியது. தீவுகளின் அரசாங்கங்கள் லண்டன் மேல் நீதிமன்றம் சென்றும் பயன் கிட்டவில்லை. 2011 இல் ஜப்பானின் ரகுடென் நிறுவனத்துக்குக் கைமாறியிருந்த பிளே.கொம், 2013 மார்ச்சில் தனது நேரடி விற்பனையை நிறுத்தியது. பல ஆண்டுகள் கட்டியெழுப்பிய வியாபாரம், வரிச் சலுகை போய் ஓராண்டு கழிவதற்குள் கைவிடப்பட்டது.

இத்தகைய சலுகைகள் உலகமெங்கும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருவதை நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். அவுஸ்திரேலியா 2018 ஜூலையிலும், நியூசிலாந்து 2019 டிசம்பரிலும் குறைந்த பெறுமதிப் பொதிகளுக்கு வரி விதித்தன. பிரித்தானியா 2021 ஜனவரியில் எஞ்சியிருந்த 15 பவுண் சலுகையையும் நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஜூலையில் 22 யூரோ சலுகையை ஒழித்தது. 800 டொலர் வரை தாராளமாக விட்டிருந்த அமெரிக்கா 2025 ஓகஸ்டில் எல்லா நாடுகளுக்கும் கதவை அடைத்தது.

மலிவுக்கு இன்னொரு வழி, ஒரே தயாரிப்பாளர் நாட்டுக்கு நாடு வேறு விலை வைப்பதால் கிடைப்பது. ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட சிடி-வவ் என்ற கடை, ஆசியச் சந்தைக்கென வெளியான அசல் இசைத்தட்டுக்களைப் பிரித்தானிய வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையில் அனுப்பியது. அவை போலிகள் அல்ல. ஆயினும், ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே விற்பனைக்கு விடப்பட்ட பிரதியை உரிமையாளரின் அனுமதியின்றி உள்ளே கொண்டுவந்து விற்க முடியாது என்று அங்குள்ள சட்டம் சொல்கிறது. 2007 இல் லண்டன் மேல் நீதிமன்றம் அக்கடைக்கு விதித்த இழப்பீடு 4 கோடியே 10 இலட்சம் பவுண். சொந்தப் பாவனைக்கு ஒன்றிரண்டு வாங்குவதற்கும் விற்பனைக்கென வரவழைப்பதற்கும் இடையில் சட்டம் வேறுபாடு பார்க்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. விற்பனைக்கு வாங்குவோர் பணத்தைப் போடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் அரை மணித்தியாலம் பேசிக்கொள்வது நல்லது.

ஜப்பானில் நிலைமை நேர்மாறானது. அங்கு இசைத்தட்டின் சில்லறை விலையைத் தயாரிப்பாளரே நிர்ணயிக்கச் சட்டம் அனுமதிக்கின்றது. கடைக்காரர் தன் விருப்பத்துக்குக் குறைக்க முடியாது. வேறு ஆசிய நாடுகளில் மலிவாக விற்கப்படும் ஜப்பானிய இசைத்தட்டுக்கள் திரும்பி வந்து சந்தையைக் கெடுக்காமல் இருப்பதற்கென்றே 2005 ஜனவரி முதல் தடையொன்றும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, ஜப்பானியப் புதுத் தட்டில் கழிவு தேடி அலைவது வீண் வேலை. பாவித்த தட்டுக்களை விற்கும் கடைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தேட வேண்டியது அங்கேதான்.

இனி, இங்கிருந்து வாங்குபவர் எப்படிக் கணக்குப் பார்ப்பது? பிரித்தானிய, ஐரோப்பியக் கடைகள் திரையில் காட்டும் விலையில் அந்நாட்டு வரி சேர்ந்திருக்கும். ஏற்றுமதிக்கு அந்த வரி இல்லை. பெரிய கடைகள் நமது முகவரியைக் கொடுத்தவுடன் வரியைக் கழித்துவிடும். சிறிய கடைகள் பல கழிப்பதில்லை. கழிக்காவிட்டால் கேட்டுப் பாருங்கள், கொடுக்காவிட்டால் வேறு கடையைப் பாருங்கள். இங்கே நம்மவர்கள் ஒரு கணக்கில் தடுமாறுகின்றனர். வரி 20 வீதம் என்பதால் விலையில் ஐந்தில் ஒன்று குறையும் என எண்ணுகின்றனர். 12 பவுண் விலையில் வரி 2 பவுண்தான். அதாவது குறைவது ஆறில் ஒன்று. ஜேர்மனியின் 19 வீத வரியில் குறைவது 100க்கு 16 அளவில். ஜப்பானின் 10 வீதத்தில் பதினொன்றில் ஒன்று. இலாபம் மெல்லியதாக உள்ள வியாபாரத்தில் இந்த வித்தியாசமே இலாபத்தைத் தின்றுவிடும்.

பணம் செலுத்தும்போது சில கடைகள் இலங்கை ரூபாவில் செலுத்துகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்கும். அந்த மரியாதைக்கு விலை உண்டு. அவர்கள் போடும் மாற்று வீதம் பெரும்பாலும் நமது வங்கியின் வீதத்தைவிட மோசமாகவே இருக்கும். பவுணோ டொலரோ, கடையின் நாணயத்திலேயே செலுத்துங்கள். அதற்கு மேல் உங்கள் வங்கி கடனட்டையில் எத்தனை வீதம் கட்டணம் சேர்க்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முன்பதிவு செய்யும் பொருட்களுக்குப் பல கடைகள் அனுப்பும் நாளிலேயே பணத்தை எடுக்கின்றன. 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவில் இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. அப்போது மார்ச்சில் கேட்ட பொருளுக்கு மே மாதத்தில் பணம் கட்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தபாற் செலவில்தான் சேமிப்பின் பெரும்பகுதி இருக்கின்றது. ஓர் உதாரணம்: 10 பவுண் தட்டு ஒன்றுக்குத் தபால் 6 பவுண் என்றால் அடக்கம் 16 பவுண். பத்துத் தட்டுக்களை ஒரே பொதியில் 18 பவுணுக்கு அனுப்புவார்களானால் ஒன்றின் அடக்கம் 11.80 பவுண். வெறும் தட்டின் எடை 16 கிராம் அளவில்தான். உறையோடு சேர்ந்தால் சுமார் 100 கிராம் வரும். உறையின் பிளாஸ்டிக்குக்கே நாம் தபாற் கட்டணம் கட்டுகிறோம். படத்தாளும் தட்டும் மட்டும் போதும் என்று சொன்னால் அப்படி அனுப்பித் தரும் விற்பனையாளர்களும் உண்டு. ஆனால், சேகரிப்பவர்கள் உறையில்லாத தட்டைத் தொடவும் மாட்டார்கள். யாருக்கு விற்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

பெரிய பொதி சுங்கத்தின் கண்ணிற் படும் என்று அஞ்சி, பெறுமதியைக் குறைத்தெழுதும்படியோ அன்பளிப்பு என்று குறிக்கும்படியோ விற்பவரைக் கேட்பவர்கள் இருக்கின்றனர். இது பொய்ப் பிரகடனம். அத்தோடு, வழியில் பொதி தொலைந்தால் எழுதிய பெறுமதிக்குத்தான் நட்டஈடு கேட்கலாம். சுங்கத்தில் மதிப்பிடுவது பொருளின் விலையை மாத்திரமல்ல, தபாற் செலவையும் சேர்த்துத்தான். 2024 ஜனவரி முதல் 18 வீதமாகிய நமது பெறுமதிசேர் வரியும் அதற்கு மேல் வரும் என்பதால், தபாலில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு பவுணும் வரியிலும் மிச்சம் பிடிக்கும். தீர்வை வீதங்கள் மாறிக்கொண்டிருப்பவை. அவற்றைச் சுங்கத் திணைக்களத்திலேயே கேட்டறியுங்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய தட்டு பிளேயரில் ஓடாவிட்டால்? இசைத்தட்டுக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. திரைப்பட டிவிடிகளுக்கு வலய இலக்கம் உண்டு. அமெரிக்கா 1, பிரித்தானியாவும் ஜப்பானும் 2, இந்தியாவும் இலங்கையும் 5. புளூ-ரேயில் அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி, நாம் சீ. 4கே தட்டுக்களுக்கு வலயமே கிடையாது. ஆனால், அவற்றுக்கென்று தனிப் பிளேயர் வேண்டும். இதில் நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சவூதி, டுபாய் ஆகிய இடங்கள் டிவிடியில் 2 ஆம் வலயத்தையும் புளூ-ரேயில் பி வலயத்தையும் சேர்ந்தவை. அங்கு வேலை பார்த்துவிட்டு வந்தவர் கொண்டுவந்த பிளேயர் பிரித்தானியத் தட்டை ஏற்கும். இங்கு வாங்கிய ஒற்றை வலயப் பிளேயர் ஏற்காது. அமெரிக்க, ஜப்பானிய டிவிடிகள் என்டிஎஸ்சி முறையிலானவை, நமதும் பிரித்தானியாவினதும் பால் முறை. நம் நாட்டுப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும்.

தேடும்போது படத்தின் பெயரைக் கொடுத்துத் தேடாமல், உறையிலுள்ள பார்கோட் இலக்கத்தைக் கொடுத்துத் தேடுவது சிறந்தது. பிரித்தானியாவில் 15 பவுண் கேட்கும் அதே பதிப்பு ஜேர்மன் கடையில் பாதி விலைக்குக் கிடக்கலாம். பெயர் ஜேர்மன் மொழியில் இருப்பதால் பெயரைக் கொண்டு தேடுபவர் கண்ணில் அது படாது.

அந்த இளைஞரிடம் இன்னொன்றும் சொன்னேன். இருப்பு வாங்கி அடுக்க வேண்டாம். வாடிக்கையாளர் பத்துப் பேரிடம் பெயர்ப்பட்டியலும் அரைவாசி முற்பணமும் பெற்று, ஒரே பொதியாக வரவழைத்து, எஞ்சிய பணத்தைக் கொடுக்கும் நாளின் மாற்று வீதத்தில் பெற்றுக்கொள்ளும்படி கூறினேன். அவர் கொப்பியில் குறித்துக்கொண்டார்.