விமான நிறுவனம் வீழும்போது யார் குற்றவாளி?



ஒரு விமான நிறுவனம் கடனில் மூழ்கிப் பறப்பதை நிறுத்திவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. "சங்கம் வைத்துக் கொடி பிடித்தே கம்பெனியை மூடிவிட்டார்கள்" என்பது ஒரு குரல். "முதலாளி சுருட்டிக்கொண்டு போய்விட்டார்" என்பது மற்றொரு குரல். ஒருமுறைகூட விமானத்தில் ஏறாதவர்களும் இந்த வாதத்தில் சூடாக இறங்குகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. கோவில்பட்டியும் சுற்றியுள்ள கரிசல் பூமியும் மழையை நம்பிய மண். மழை பொய்த்த ஆண்டுகளில் லாயல் மில், லட்சுமி மில் போன்ற நூற்றாலைகளும் தீப்பெட்டி ஆலைகளும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. ஆலை மூடினால் வீட்டில் அடுப்பு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். எனவே, நிறுவனம் வீழ்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி நமக்கு அந்நியமானது அல்ல.

நம் மண்ணிலேயே ஒரு முன்கதை

இக்கேள்வியை நம் பகுதியின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, பின்னாளில் கோவில்பட்டியில் வழக்கறிஞராகத் தொழில் செய்த வ.உ. சிதம்பரனார், 1906-ல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதன் கப்பல்கள் ஓடின. எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி, அதை ஒழிக்கவே கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. இதற்கிடையில், 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் துணைநின்றவரும் இதே வ.உ.சி.தான். ஒரே மனிதர் ஒரு கம்பெனியின் நிர்வாகியாகவும், மற்றொரு ஆலையின் தொழிலாளர்களுக்குத் தலைவராகவும் இருந்தார். அதே ஆண்டு மார்ச் மாதம் அவர் கைதானார். 1911-ல் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அக்கம்பெனியைக் கவிழ்த்தது கூலி கேட்ட மாலுமிகள் அல்ல. அடக்க விலைக்கும் கீழே போன கட்டணப் போட்டியும், பணபலமும் ஆட்சிபலமும் சேர்ந்த எதிராளியும், தலைவரின் சிறைவாசமுமே அதைக் கவிழ்த்தன. நூறு ஆண்டுகள் கழித்து வானத்தில் நடந்த பல வீழ்ச்சிகளிலும் இந்தக் கட்டணப் போட்டியை நாம் மீண்டும் பார்க்கிறோம்.

இரண்டு நிறுவனங்கள், ஒரே பாடம்

விமானத் தொழிலில் செலவு முந்திக்கொள்ளும், இலாபம் பிந்தியே வரும். இந்திய விமான நிறுவனங்களின் செலவில் எரிபொருள் மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விமானங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கப்பட்டவை. வாடகையை டாலரில் கட்ட வேண்டும். கச்சா எண்ணெய் விலை ஏறினாலும், ரூபாய் மதிப்பு இறங்கினாலும், காலி இருக்கைகளுடன் பறந்தாலும் நட்டம்தான். ஊழியர் சம்பளம் எரிபொருள் செலவைவிட மிகவும் குறைவு.

2005-ல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர் நிறுவனம் ஓர் ஆண்டுகூட இலாபம் காணவில்லை. அப்படியிருந்தும், நட்டத்தில் ஓடிய ஏர் டெக்கான் நிறுவனத்தையும் 2007-ல் தன்வசப்படுத்தியது. 2012 செப்டம்பர் இறுதியில் பொறியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, "இவர்களால்தான் விமானங்கள் நின்றன" என்று பேசப்பட்டது. ஆனால் அவர்களுக்கு அப்போது 7 மாதச் சம்பளம் பாக்கி. அக்டோபர் 20-ஆம் தேதி நிறுவனத்தின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. வட்டியுடன் சேர்த்து வங்கிகளுக்கு நின்ற கடன் சுமார் 9,000 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகளின் பணம். அதாவது, நம்மைப் போன்றவர்கள் சேமித்துப் போட்ட பணம்.

1993-ல் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ், 2007-ல் ஏர் சஹாரா நிறுவனத்தை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தச் சுமையிலிருந்து அது முழுமையாக மீளவே இல்லை என்பது பலரின் கணிப்பு. 2008 அக்டோபரில் 1,900 ஊழியர்களை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பி, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் திரும்ப அழைத்தது. சங்கம் தொடங்கிய இரு விமானிகள் நீக்கப்பட்டதால், 2009-ல் விமானிகள் கூட்டாக உடல்நல விடுப்பில் போனார்கள். ஆனால் 2019-ல் நிறுவனம் உண்மையிலேயே மூழ்கியபோது நடந்தது வேறு. மாதக்கணக்கில் சம்பளம் வராதபோதும், ஏப்ரல் முதல் பறப்பதில்லை என்று அறிவித்திருந்த விமானிகள் சங்கம் அந்தப் போராட்டத்தை இருமுறை தள்ளி வைத்தது. ஏப்ரல் 17-ஆம் தேதி நிறுவனம் நின்றது பணம் இல்லாததால்தான், வேலைநிறுத்தத்தால் அல்ல.

சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு

இதனால் சங்கங்கள் எப்போதும் குற்றமற்றவை என்று சொல்லிவிட முடியாது. 2012-ல் ஏர் இந்தியா பெரும் நட்டத்தில் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்த, பல ஆண்டுகளில் 30,000 கோடி ரூபாய் மக்கள் பணத்தைத் தருவதற்கு ஏப்ரலில்தான் மத்திய அரசு ஒப்புதல் அளித்திருந்தது. அடுத்த மாதமே விமானிகளில் ஒரு பிரிவினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது 58 நாள்கள் நீடித்தது. புதிய டிரீம்லைனர் விமானத்தை ஓட்டும் பயிற்சி யாருக்கு என்பதே முக்கியத் தகராறு. நல்ல சம்பளம் பெறுபவர்கள் தங்களுக்குள் முன்னுரிமைக்காகப் போராடியபோது, சுமை தூக்குபவரும் துப்புரவுப் பணியாளரும் வேலை நிலைக்குமா என்று கலங்கியிருப்பார்கள். எனினும் இத்தகராறின் வேரும் மேலேதான் இருந்தது. 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டன. ஆனால் ஊழியர்களின் பணிமூப்பும் பதவி உயர்வும் ஆண்டுக்கணக்கில் ஒழுங்குபடுத்தப்படவில்லை.

மானாவாரி விவசாயம் அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். முதல் மழைக்கே கையிலுள்ள விதை முழுவதையும் விதைத்து, அடுத்த மழை வராமல் பயிர் கருகினால், களையெடுத்தவர் கூலி கேட்டதால்தான் கருகியது என்று யாரும் சொல்லமாட்டோம். விதைக்க முடிவெடுத்தவர் யார் என்றுதான் கேட்போம். அதேவேளை, வாடி நிற்கும் பயிரில் மாட்டை மேயவிடுபவரையும் நாம் பாராட்டமாட்டோம். அதிகாரம் எவ்வளவோ, கணக்கு எவ்வளவு தெரியுமோ, அந்த அளவுக்கே பொறுப்பு. வேலைநிறுத்தம் பெரும்பாலும் கடைசியில் வருவதால் எல்லார் கண்ணிலும் படுகிறது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் மூடிய அறையில் எடுக்கப்பட்ட முடிவு யார் கண்ணிலும் படுவதில்லை.

திருச்சபையின் பார்வை

திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-ல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையை ஏற்றுக்கொண்டது. முதலும் உழைப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்றும் போதித்தது. 1981-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'லபோரெம் எக்செர்சென்ஸ்' மடலில், மூலதனத்தைவிட உழைப்புக்கே முதலிடம் என்றார். வேலைநிறுத்தம் நியாயமான வழி என்றாலும், அதைத் தவறாகப் பயன்படுத்தலாகாது என்றும் எச்சரித்தார். நேரடியாக வேலை தருபவர் மட்டுமல்ல, மறைமுகமாக வேலையின் நிலையைத் தீர்மானிப்பவர்களும் பொறுப்பாளிகள் என்பது அம்மடலின் முக்கியக் கருத்து. அப்படியானால், கணக்கைச் சரிபார்க்காமல் கடன் தந்த வங்கியும், கொள்கை வகுக்கும் அரசும், அடக்க விலைக்கும் கீழே டிக்கெட் தேடும் நாமும்கூட இந்தக் கணக்கில் வருகிறோம்.

மூடியபின் யாருக்கு என்ன கிடைக்கும்?

2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, நிறுவனம் கலைக்கப்பட்டால் சொத்துகளை விற்ற பணம் ஒரு வரிசைப்படி பிரிக்கப்படும். முதலில் அந்த நடவடிக்கைக்கான செலவு. அடுத்து, அடமானம் பெற்றுக் கடன் தந்த வங்கிகளும், தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கியும் சம நிலையில். அதன்பின் மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி. பங்குதாரர்கள் கடைசியில். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை நிதிகளில் தொழிலாளிக்குச் சேரவேண்டியதை இந்தப் பங்கீட்டில் சேர்க்கக்கூடாது, அது அவருடையது.

ஆனால் சட்டம் ஒன்று, காத்திருப்பு வேறு. ஜெட் ஏர்வேஸை மீட்க முன்வந்தவர்களின் திட்டம் நிறைவேறவில்லை. நிறுவனத்தைக் கலைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7-ல். விமானங்கள் நின்று அதற்குள் ஐந்தரை ஆண்டுகள் ஓடிவிட்டன. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக்கடன் தவணையும் ஐந்தரை ஆண்டு காத்திருக்குமா?

நாம் செய்யக்கூடியது

எனவே, ஆலையிலோ அலுவலகத்திலோ உழைப்பவர்கள் சிலவற்றை இன்றே கவனிக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா? பி.எஃப். பிடித்தம் கணக்கில் மாதந்தோறும் ஏறுகிறதா? பெயரே பதிவில் இல்லாதவர், ஆலை மூடும் நாளில் தனக்குப் பாக்கி உண்டு என்று நிரூபிக்கவே திண்டாடுவார். சங்கப் பொறுப்பில் உள்ளவர்கள், சம்பளம் நின்றபின் அல்ல, நிறுவனம் நன்றாக ஓடும்போதே கணக்கைக் கேட்கட்டும். தங்களைவிடக் குறைந்த கூலி பெறுபவரை நினைத்துப் போராடட்டும். தொழில் நடத்துபவர்கள் நிலைமை மோசமாகும் முன்பே தொழிலாளர்களிடம் உண்மையைச் சொல்லட்டும். நட்டம் வரும்போது தியாகம் கேட்பவர், இலாபம் வந்தபோது பகிர்ந்திருக்க வேண்டும்.

குற்றவாளியைத் தேடுவது நம் வாதத்திற்குச் சுவை தரலாம். ஆனால் வேலை இழந்து வீட்டில் இருப்பவரின் காதில் "உங்கள் சங்கத்தால்தான்" என்ற சொல் விழும்போது அது இரண்டாவது தண்டனையாகிறது. தீர்ப்புச் சொல்லுமுன், முடிவெடுத்தவர் யார் என்று கேட்போம். அதற்கும் முன்பாக, அந்த வீட்டில் இந்த மாதம் அரிசி இருக்கிறதா என்று கேட்போம்.