லேப்டாப்பில் ஒரு இசைக்குழு ரிகர்சல்: குறைந்த செலவில் பதிவு செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம். அதே கம்ப்யூட்டரில் நாமே வாசித்த பாட்டைப் பதிவு செய்யலாம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும், 'அதற்கெல்லாம் பெரிய ஸ்டூடியோ வேண்டுமே' என்று விட்டுவிடுகிறோம்.

நாங்கள் ஐந்து பேர், இன்ஜினியரிங் படித்த காலத்திலிருந்து சேர்ந்து வாசிப்பவர்கள். வேலைக்கு வந்த பிறகும் மாதம் ஒருமுறை சென்னையில் ஒரு ரிகர்சல் ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போம். டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையர், மைக், மிக்சர் எல்லாம் அங்கேயே இருக்கும். எங்கள் டிரம்மருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோதுதான், இத்தனை வருடத்தில் ஒரு பாட்டைக்கூட உருப்படியாகப் பதிவு செய்யவில்லை என்பது உறைத்தது. முறையான ரெக்கார்டிங் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ரிகர்சல் வாடகையிலேயே, என் லேப்டாப்பில் பதிவு செய்ய முடிவெடுத்தோம். (ஸ்டூடியோக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள்.)

முதல் முயற்சி படுதோல்வி. லேப்டாப்பின் ஹெட்செட் துளையில் ஒரு சிறிய மைக்கைச் செருகி, ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு வாசித்தோம். வீட்டுக்கு வந்து கேட்டால் இரண்டு மணி நேரமும் ஒரே கரகரப்பு. திரையில் அலைவடிவத்தின் உச்சிகள் கத்தரியால் வெட்டியதுபோல் தட்டையாக இருந்தன. இதற்கு 'கிளிப்பிங்' என்று பெயர். டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் கூரை. அதைத் தாண்டும் ஒலி பதிவாகவே ஆகாது. பதிவாகாததை எந்த சாப்ட்வேரும் அப்படியே மீட்டுத் தராது.

டிரம்மர் கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு நண்பர் ஒருவரிடம் ஆடியோ இன்டர்ஃபேஸ் இரவல் வாங்கினேன். மைக்கிலிருந்து வரும் சன்னமான மின்சிக்னலைப் பெருக்கி, எண்களாக மாற்றி, யுஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சிறிய பெட்டி இது. உங்களுக்கும் இரண்டு மைக் செருகும் வசதியுள்ள சாதாரண மாடலே போதும். கண்டென்சர் மைக் என்றால் அதிலுள்ள 48 வோல்ட் பட்டனை அழுத்த வேண்டும். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை.

இரண்டு இணைப்புகளை எப்படிப் பயன்படுத்துவது? ஒன்றில் அறைக்கான மைக். டிரம்ஸுக்கு எதிரே மூன்று மீட்டர் தள்ளி, தலை உயரத்தில் வைத்தோம். மற்றொன்றில், மிக்சரில் மீதமிருந்த அவுட்புட். பாடகர் குரலும் கீபோர்டும் (கம்ப்யூட்டர் கீபோர்டு அல்ல!) அதன் வழியே தனியாக வந்துவிடும். கிதார் அமுங்கினால் சாப்ட்வேரைத் தேடாதீர்கள், ஆம்ப்ளிஃபையரை மைக்குக்கு அருகே நகர்த்துங்கள். கனடாவின் கவ்பாய் ஜங்கீஸ் குழு 1987-இல் டொரண்டோ தேவாலயம் ஒன்றில் ஒரே மைக்கைச் சுற்றி இப்படி இடம் மாற்றி மாற்றி அமர்ந்துதான் 'தி டிரினிட்டி செஷன்' ஆல்பத்தைப் பதிவு செய்தது.

இனி அளவு. உங்களிடம் உள்ளதிலேயே சத்தமான பாட்டை எல்லோரும் முழு வேகத்தில் வாசிக்க, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயின் திருகியைக் குறையுங்கள். உண்மையாக வாசிக்கும்போது எல்லோரும் இன்னும் ஓங்கித்தான் அடிப்பார்கள், அதற்காகத்தான் இந்த இடைவெளி. 24 பிட் பதிவில் சத்தம் குறைந்திருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

சாப்ட்வேருக்குச் செலவில்லை. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆடாசிட்டி இன்றும் இலவசம். அதில் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, ஸ்டீரியோ என்று வையுங்கள். 44100 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.3 ஜிபி இடம் பிடிக்கும். பென் டிரைவில் நேரடியாகப் பதியாமல் ஹார்டு டிஸ்க்கில் பதியுங்கள். வைஃபையை அணைத்து, கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

பாட்டு தொடங்கும் முன் பாடகரின் மைக் அருகே ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். ஒலி மூன்று மீட்டர் கடக்க ஏறத்தாழ 9 மில்லி விநாடி ஆகும் என்பதால், அறை மைக்கில் அது சற்றுத் தாமதமாக விழும். வீட்டுக்கு வந்ததும் ட்ராக் மெனுவில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து இரண்டையும் பிரித்து, கைதட்டல்கள் நேராகும்வரை ஒன்றை நகர்த்துங்கள். பிறகு குரலைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். வேவ் ஃபைலாக ஒன்றைப் பத்திரப்படுத்தி, நண்பர்களுக்கு அனுப்ப எம்பி3 தயாரியுங்கள்.

எங்களுக்கு ஏழு பாட்டில் நான்கு தேறின. வேவ் ஃபைல்களைப் பென் டிரைவில் போட்டு, விமான நிலையத்தில் டிரம்மரிடம் கொடுத்தேன். மூன்றாவது பாட்டின் நடுவே அவன் கையிலிருந்து ஸ்டிக் நழுவி விழும் சத்தம் கேட்கும். அதை நீக்க வேண்டாம் என்று சொன்னதும் அவன்தான்.