பென்ஸ் வைத்திருப்பது: அன்றும் இன்றும்

1995-ல், பூனாவை ஒட்டிய பிம்ப்ரியில், டெல்கோவோடு கூட்டுச் சேர்ந்த மெர்சிடிஸ்-பென்ஸ் இந்தியாவில் தன் முதல் காரைப் பூட்டி வெளியே அனுப்பியது. ஈ 220 என்று விற்றார்கள். கம்பெனிக்குள் அந்த வரிசைக்கு டபிள்யூ 124 என்று பெயர். ஐரோப்பாவில் 1984 கடைசியிலேயே அறிமுகமான மாடல் அது. உலகமெங்கும் இருபத்தேழு லட்சம் வண்டிகள் விற்று, அங்கே அதன் காலம் முடிகிற நேரத்தில்தான் இங்கே வந்தது. அன்றைக்கு ஒரு மாருதி 800 ஏறக்குறைய இரண்டு லட்சம். இதற்கு இருபது லட்சத்துக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும்.

அந்த வண்டிகளில் சில இன்னும் சென்னையிலும் கோவையிலும் ஓடுகின்றன. அப்படி ஒன்றை நானும் வைத்திருக்கிறேன். கதவைச் சாத்தினால் கேட்கும் கனத்த ஓசை இன்னும் அப்படியே இருக்கிறது. முன் கண்ணாடியில் ஒற்றை வைப்பர்தான். அது பாதி வழியில் உள்ளே இழுத்துக்கொண்டு, மூலைக்குப் போகும்போது மறுபடி நீண்டு, கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைக்கிறது. அடைமழையில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது எனக்கு அலுத்ததே இல்லை. வண்டி மாறவில்லை. அதை வைத்துக் காப்பாற்றும் வேலைதான் முப்பது வருஷத்தில் அடியோடு வேறாகிவிட்டது.

1995-க்கு முன்பெல்லாம் தமிழ்நாட்டில் பென்ஸ் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது. தூதரகங்கள் கழித்துக் கட்டிய கார்களை அரசு வர்த்தகக் கழகம் ஏலத்தில் விற்கும். சிலர் அப்படி எடுத்தார்கள். பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் கூடவே கொண்டுவந்ததும் உண்டு. மில் முதலாளி, சினிமாக்காரர், பெரிய டாக்டர் என்று ஊருக்கு நாலைந்து பேர். யார் வீட்டு வண்டி எது என்று தெருவில் விளையாடுகிற பையன்களுக்குக்கூட நம்பரோடு தெரியும்.

அந்த முதலாளிகள் யாரும் பானட்டைத் திறந்து பார்க்க வேண்டியிருந்ததில்லை. பார்ப்பதற்கு டிரைவர் இருந்தார். ஆயில் மாற்றிய தேதி, டயர் போட்ட கிலோமீட்டர், பேட்டரிக்குத் தண்ணீர் விட்ட நாள் எல்லாம் டேஷ்போர்டு அறையில் இருக்கும் நாற்பது பக்க நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்கும். வண்டியின் உடம்பு அவருக்குத்தான் தெரியும். காலையில் ஸ்டார்ட் பண்ணிய உடனே வரும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு ஒர்க்‌ஷாப் போக வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லிவிடுவார். பழைய சொகுசுக் காரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலாளியின் பெயரைத்தான் எழுதுகிறார்கள். அந்த நோட்டை எழுதியவர்கள் இல்லாமல் இவற்றில் ஒன்றுகூட இன்றைக்கு மிஞ்சியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பெட்ரோல் போடுவதும் அன்றைக்கு யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. 1995 ஏப்ரலிலிருந்து நான்கு பெருநகரங்களில் பதிவாகும் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதற்கு ஈயம் கலக்காத பெட்ரோல் வேண்டும். சென்னையில் கிடைத்தது, ஊரைத் தாண்டினால் நிச்சயமில்லை. ஈய பெட்ரோல் போனால் கன்வெர்ட்டர் பாழ். நாடு முழுக்க ஈய பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரியில்தான். அதுவரை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பென்ஸை வீட்டில் நிறுத்திவிட்டு அம்பாசிடரில் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைக்கு அதே ஈ 220 ஒரு புதிய சின்னக் காரின் விலைக்கும் கீழே கிடைக்கிறது. வாங்குகிறவர்களும் வேறு ஆட்கள். நாற்பதை நெருங்கும் மென்பொருள் வேலைக்காரர், ஆடிட்டர், பல் மருத்துவர். சிறுவயதில் எட்ட நின்று பார்த்த வண்டி, இப்போது கைக்கெட்டும் விலையில் வருகிறது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இறங்கியது வண்டியின் விலை மட்டுமே. அதன் ஸ்பேர் விலை என்றைக்கும் பென்ஸ் ஸ்பேர் விலைதான். வருஷா வருஷம் ஏறிக்கொண்டுதான் போகிறது. முதலாளி, டிரைவர், நோட்டு எழுதுகிறவர் மூன்று பேருமாக இனி நீங்களே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு கோளாறைச் சொன்னால் இது விளங்கும். எஞ்சினுக்கு மேலே ஒரு வயர்க் கட்டு ஓடுகிறது. இன்ஜெக்டர், சென்சார், த்ராட்டில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரோடு சேர்ப்பது அதுதான். தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்த வண்டிகளில், மண்ணுக்குக் கேடில்லாமல் மக்கிப்போகும் இன்சுலேஷனை அந்த வயர்களுக்குப் போட்டார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் எஞ்சின் சூட்டில் அது மண்ணுக்குப் போகும் முன்பே காய்ந்துவிட்டது. மேலுறையைக் கீறி விரித்தால் உள்ளே வயரின் தோல் அப்பளம் போல நொறுங்கி விரலில் ஒட்டும். செம்புக் கம்பி வெறுமனே பளபளக்கும். இரண்டு கம்பி உரசிக்கொண்டால் வண்டி ஒரு நாள் திணறும், ஒரு நாள் சிக்னலில் அணைந்து போகும், மறுநாள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். பிளக் மாற்றி, காயில் மாற்றி, ஏர்ஃப்ளோ சென்சார் மாற்றி, கடைசியில் கம்ப்யூட்டரையே மாற்றியும் கோளாறு தீராமல், வந்த விலைக்கு வண்டியைத் தள்ளியவர்கள் உண்டு.

என் வண்டியைப் பார்க்கும் பாய் முதல் நாளே சொன்னார்: “சார், இந்த வயரை வச்சிக்கிட்டு நீங்க எதை மாத்தினாலும் தண்டச் செலவு. முதல்ல இதைப் பிரிச்சிப் பாத்துடுவோம்.” புது வயர்க் கட்டு ஜெர்மனியிலிருந்து வரவழைக்கலாம், விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். அவர் வேறு வழியில் போனார். ஒவ்வொரு கனெக்டராகத் திறந்து, ஊசியால் பூட்டை நெம்பி, உள்ளிருக்கும் பித்தளைப் பின்னை வளையாமல் வெளியே எடுத்து, சூடு தாங்கும் சிலிக்கோன் வயரைப் பற்றவைத்துத் திருப்பிச் சொருகினார். பழைய வயரில் என்ன நிறமோ, மேலே என்ன கோடோ, அதே நிறம், அதே கோடு கிடைக்கும்வரை காத்திருந்தார். கறுப்பிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். “எனக்கப்புறம் இதை ஒருத்தன் தொறப்பான் இல்ல சார், அவன் எங்க போய்க் கேப்பான்?” என்றார். கார் ரிப்பேரைப் பற்றி நான் கேட்டதில் இதைவிடப் பெரிய சொல் இல்லை.

ஏசியும் அப்படித்தான். சென்னை வெயிலில் ஏசி இல்லாத பென்ஸை யாரும் ஓட்ட முடியாது. கூலிங் காயிலில் ஓட்டை விழுந்தால் அதை எடுக்க முழு டேஷ்போர்டும் வெளியே வர வேண்டும். ஸ்டீயரிங், மரப்பலகை, மீட்டர், ஏர் டக்ட் ஒவ்வொன்றாகக் கழன்று பின் சீட்டில் அடுக்கப்படும். முப்பது வருஷ பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே ஒடியும். சிலர் அதற்குப் பயந்து கேஸ் மட்டும் அடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடையையும் ஓட்டுவார்கள். என் அனுபவத்தில் அது மோசமான சிக்கனம். ஒரு தரம் பிரித்தால் காயில், ஹீட்டர் ரேடியேட்டர், புளோயர், உள்ளே இருக்கும் வேக்குவம் குழாய் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். கூலி ஒன்றுதான், பிளாஸ்டிக் இரண்டாம் முறை பிரிப்பதைத் தாங்காது.

ஸ்பேர் விஷயத்தில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அன்று ஒரு வாட்டர் பம்ப் தேவை என்றால் ஏஜென்ட்டிடம் சொல்லிவைத்து மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அல்லது சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அது வந்து இறங்கும். அவசரத்துக்குப் புதுப்பேட்டையில் தேடுவார்கள். அங்கே அம்பாசிடரையும் ஃபியட்டையும் முழுசாகக் கட்டி எழுப்பலாம்; பென்ஸுக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்வார்கள்.

இன்று சேஸிஸ் நம்பரைத் தட்டினால் அந்த வண்டி எந்தப் பெயிண்ட், எந்தத் துணி, எந்த கியர்பாக்ஸோடு பிறந்தது என்பதுவரை திரையில் வந்துவிடுகிறது. பழைய மாடல்களுக்காகவே பென்ஸ் 1993-ல் ஃபெல்பாக் நகரில் தொடங்கிய கிளாசிக் சென்டர் இன்னும் இயங்குகிறது. நட்சத்திரம் பொறித்த பெட்டியில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. கம்பெனிக்கே சப்ளை செய்யும் லெம்ஃபோர்டர், போஷ், சாக்ஸ் போன்றவர்கள் அதே பொருளைத் தங்கள் பெட்டியிலும் விற்கிறார்கள். லெம்ஃபோர்டரின் சஸ்பென்ஷன் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் நட்சத்திரம் இருந்த இடம் மட்டும் அரைத்து எடுக்கப்பட்டிருக்கும். விலை கணிசமாகக் குறைவு. கழற்றிய சாமான் வேண்டுமென்றால் ஷார்ஜாவின் பழைய ஸ்பேர் கடைகள் இருக்கின்றன. சுங்க வரியும் கூரியர் செலவும் பொருளின் விலையைத் தொட்டுவிடுகின்றன என்பது உண்மை. அப்படியும் வண்டி ஒரு பம்ப்புக்காக மாதக்கணக்கில் நிற்பதில்லை. இன்னொரு பக்கம், அதே நிறப் பெட்டியில் வரும் டூப்ளிகேட்டுகளும் பெருகிவிட்டன. ரப்பர் புஷ்ஷிலும் எஞ்சின் மவுண்டிலும் மலிவைத் தேடாதீர்கள். இந்த வண்டி மிதப்பது போல ஓடுவதே அந்த ரப்பர்களால்தான்.

இதற்குப் பின்னால் வந்த சொகுசுக் கார்கள் வேறு ஜாதி. இன்றைக்கு மலிவாகச் சந்தைக்கு வருவது 2000-க்குப் பின் வந்த வண்டிகள். அவற்றையும் டபிள்யூ 124-ஐயும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. 2002-ல் வந்த டபிள்யூ 211 ஈ-கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் வண்டிகளில் பிரேக் பெடலை மிதித்தால் அந்தச் செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், அழுத்தத்தோடு காத்திருக்கும் பம்ப் சக்கரத்தைப் பிடிக்கும். எத்தனை முறை பிரேக் பிடித்தோம் என்று அந்தப் பம்ப்பே எண்ணி வைத்துக்கொள்ளும். கணக்கு முடிந்ததும் மீட்டரில் சிவப்பு எச்சரிக்கை. நன்றாகப் பிடிக்கிற பிரேக்காக இருந்தாலும் யூனிட்டை மாற்ற வேண்டும். 2006-ல் கம்பெனியே அந்த முறையைக் கைவிட்டது. எஸ்-கிளாஸில் ஏர் சஸ்பென்ஷன். ரப்பர் பையில் வெடிப்பு விட்டால் காலையில் வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும், அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கம்ப்ரசரும் எரியும். பாட்டுப் பெட்டி, போன் எல்லாம் ஒரே ஒளியிழை வளையத்தில். அதில் ஒன்று செத்தால் எல்லாம் ஊமை. கழற்றிய கம்ப்யூட்டரை வேறு வண்டியில் மாட்டினால் சாவியே அதை ஏற்காது.

டபிள்யூ 124-ல் கோளாறைக் காட்ட ஒரு சின்ன விளக்கு மின்னும். எத்தனை முறை மின்னியது என்று எண்ணினால் போதும். டபிள்யூ 211-க்கு லேப்டாப் இல்லாமல் யாரும் பானட்டுக்கு அருகே போவதில்லை. லேப்டாப் தெரிந்த பையன்கள் கெட்டிக்காரர்கள்தான். திரை எந்தப் பாகத்தின் பெயரைக் காட்டுகிறதோ அதை மாற்றுவார்கள். அந்தப் பாகத்துக்குப் போகும் வயரைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் யாராவது அவர்களுக்குச் சொல்லித்தந்தால் இந்த வண்டிகளும் பிழைக்கும் என்று நம்புகிறேன். பாயின் மகன் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் லேப்டாப்போடுதான் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் ஷெட்டுக்கு வருகிறார். அங்கே இருவரும் ஒரே வண்டியின் மேல் குனிந்து, ஒருவர் திரையையும் ஒருவர் எஞ்சினையும் பார்த்துப் பேசிக்கொள்வதைக் கேட்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அரசாங்கத்தின் பார்வையும் மாறிவிட்டது. அன்று பதினைந்து வருஷம் முடிந்தால் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி 600 ரூபாய் கட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000. 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. இறக்குமதி வண்டி என்றால் 80,000. அதோடு பசுமை வரி. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பலவும் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. புகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வருஷத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒழுங்காகப் புகைச் சோதனையில் தேறும் வண்டியை, பிறந்த வருஷத்தை மட்டும் பார்த்துக் குப்பை என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. ஐம்பது வருஷம் ஆனவற்றுக்கு 2021 முதல் விண்டேஜ் என்று தனிப் பதிவு உண்டு. 1995-ல் பிறந்தவை அந்த வயதை எட்ட இன்னும் இருபது வருஷம் காத்திருக்க வேண்டும்.

அதற்குள் பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ரப்பர் இதை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. ஹோஸ் உப்பும், பிறகு வெடிக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். டேங்குக்கு அடியில், பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் இணைக்கும் சிறு ஹோஸ்களில்தான் முதலில் கசியும். அந்த இடம் கண்ணில் படாது, வண்டியைத் தூக்கினால்தான் தெரியும். பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிற யாராக இருந்தாலும் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் ஹோஸ் சென்னையிலேயே மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. கிளாம்ப்பையும் சேர்த்து மாற்றுங்கள். பாய் என் வண்டிக்கு அளவு எடுத்துவிட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் டேங்க்கை வடித்து, ஃபில்டரோடு சேர்த்து முடித்துவிடுவதாக ஏற்பாடு.