மாட்டு ஈரலில் புழு, மடியில் நஷ்டம்

இந்தப் பகுதியில் வழக்கமாக மனிதருக்கு வரும் நோயைப் பற்றித்தான் பேசுவோம். இம்முறை மாட்டுக்கு வரும் ஒரு நோயைப் பார்ப்போம். மாடு வளர்க்கும் வீட்டில் மாட்டின் நோய் குடும்பத்தின் நோய்தானே? ஒரு காலத்தில் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கமெல்லாம் போத்தலில் பசும்பால் ஊற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. இன்றும் தோட்டத்து ஓரங்களில் மாடு வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

நோயின் பெயர் ஈரல் புழு நோய். புழு இலையைப் போலத் தட்டையாக இருக்கும். நம் நாட்டு மாடு, எருமைகளில் காணும் வகை 3 முதல் 7 சென்டிமீட்டர் வரை நீளும். பித்தக் குழாய்களில் குடியிருந்துகொண்டு முட்டையிடும்.

இது மாட்டுக்கு மாடு நேராக ஒட்டாது. நடுவில் ஒரு நத்தை வேண்டும். முட்டை சாணத்தோடு வெளியே வருகிறது. தண்ணீரில் விழுந்தால் இரண்டு, மூன்று வாரத்தில் பொரிந்து, குஞ்சு நன்னீர் நத்தைக்குள் நுழைகிறது. அங்கே ஒன்று பல நூறாகப் பெருகி வெளியே வந்து, காண் ஓரத்துப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை மேய்ந்த மாட்டின் குடலைத் துளைத்து ஈரலுக்குப் போய்ச் சேர்கிறது. இந்த நத்தை விஷயத்தை 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தாமஸ், ஜெர்மனியில் லியூக்கார்ட் என்ற இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதற்குச் சற்று முன், 1879–80இல், கனமழைக்குப் பின் இங்கிலாந்தில் சுமார் 30 லட்சம் செம்மறியாடுகள் இந்நோயால் மடிந்திருந்தன.

ஆனால் வளர்ந்த மாடு சட்டென்று சாவது குறைவு. அதனால்தான் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. "மாடு எளைச்சுப் போச்சு, யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். உண்மையில் கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கும். தாடைக்குக் கீழே பை போல நீர் கோத்து வீங்கும். பால் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, நாளைக்கு 1 லிட்டர் குறைந்தால் 200 நாளில் 200 லிட்டர் போச்சு! எத்தனை வெள்ளி என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். சினை பிடிப்பது தள்ளிப்போனால் அடுத்த கன்றும் தள்ளிப்போகும். விற்கப் போனால், எலும்பு தெரியும் மாட்டுக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். அறுக்கும் இடத்தில் கழித்துப்போடும் ஈரல், இதிலெல்லாம் சின்ன நஷ்டம்தான்.

செய்ய வேண்டியது என்ன?

தண்ணீர் தேங்கிய காண் ஓரத்திலும் சதுப்பிலும் மாட்டை மேய விடாதீர்கள். மேட்டுப் புல்லை அறுத்துப் போடுங்கள்; குடிக்கத் தொட்டியில் தண்ணீர் வையுங்கள். சாணத்தைத் தண்ணீரில் தள்ளாமல் குவித்து மக்க விடுங்கள். அந்தச் சூட்டில் முட்டை செத்துப்போகும். சந்தேகம் வந்தால் சாணத்தைக் கால்நடை இலாகாவில் காட்டுங்கள். மருந்தை மாட்டின் எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும். சில மருந்து கறவை மாட்டுக்கு ஆகாது. மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பால் கறந்து விற்கக்கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் யாரோ சொன்ன மருந்தை வாங்கி ஊற்றாதீர்கள்.

கடைசியாக மனிதருக்கு ஒரு வார்த்தை. இந்தப் புழு நமக்கும் வரும். மாட்டைத் தொடுவதாலோ பால் குடிப்பதாலோ அல்ல. மாடு நடமாடும் நீர்நிலையில் பறித்த கங்கோங் போன்ற கீரையைப் பச்சையாகத் தின்பதாலும், அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிப்பதாலும் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 70க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இது உண்டு. கீரையை நன்றாக வேகவைத்தால் பயமில்லை.

மாடு வாய் திறந்து சொல்லாது. வாரம் ஒரு தடவை அதன் கண்ணிமையைப் புரட்டிப் பாருங்கள். வெளுத்திருந்தால் தாமதிக்காதீர்கள்.